அபினியும் உலக நாடுகளும்



மருந்தே நஞ்சாவதும் உண்டு. கசகசாச் செடியின் காயைக் கீறி எடுக்கும் அபினியே இதற்குச் சான்று. அதினின்று பிரித்தெடுக்கும் மார்பின், புற்றுநோயாளியின் தாங்கொணா வேதனையைத் தணிக்கிறது. அதே மார்பின் ஹெராயினாகி இளைஞன் கைக்கு வருங்கால், அவன் அறிவையும் குடும்பத்தையும் ஒருங்கே அழிக்கிறது. இதனை ஓர் அரசு தனித்து நின்று அடக்க இயலுமா?

விடை கூறும் வரலாறு நம் நாட்டிலேயே தொடங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியார் பீகார், காசிப் பகுதிகளில் அபினி விளைவித்துக் கல்கத்தாவில் ஏலம் விட்டனர். வணிகர் அதனைச் சீனத்துக்குக் கடத்தினர். சீனப் பேரரசின் தடையை நிலைநாட்ட, 1839-இல் லின் சேசூ என்னும் அதிகாரி 20,000-க்கும் மேற்பட்ட பெட்டிகளைக் கைப்பற்றி அழித்தார். விளைவு யாது? போர் மூண்டது, சீனம் தோற்றது, 1842-இல் ஹாங்காங் தீவையும் இழந்தது. வாங்கும் நாட்டின் சட்டம் எத்துணைக் கடியதாயினும், விற்கும் நாடு இசையாவிடில் பயனில்லை என்பதே அப்போர் தந்த பாடம்.

ஆகவே 1909-இல் ஷாங்காய் நகரில் 13 நாடுகள் கூடின. 1912-இல் ஹேக் நகரில் முதல் உடன்படிக்கை உருவாயிற்று. ஐக்கிய நாடுகள் அவை தோன்றியபின், 1961-ஆம் ஆண்டு உடன்படிக்கை பழைய ஒப்பந்தங்களை ஒன்றாக்கியது. ஒவ்வொரு நாடும் தன் மருத்துவத் தேவையை ஆண்டுதோறும் கணித்துரைக்கவேண்டும். பன்னாட்டு வாரியம் ஒன்று அக்கணக்கை மேற்பார்க்கும். 1988-ஆம் ஆண்டு உடன்படிக்கையோ, கடத்தற்காரரின் பணத்தையும், ஹெராயின் ஆக்க உதவும் வேதிப்பொருள்களையும் கண்காணிக்க வழிசெய்தது. இந்தியாவும் 1985-இல் தனிச்சட்டம் இயற்றியது. இன்று மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றில் உரிமம் பெற்ற உழவரே அபினிச் செடி பயிரிடலாம்; கீறி எடுக்கும் அபினி முழுவதையும் அரசிடமே ஒப்படைத்தல் வேண்டும்.

ஆவடியை அடுத்த எங்கள் கோவில்பதாகையில் ஏரி உண்டு. ஏரிக்கரை எவ்வளவு நீளமாயினும், ஓரிடத்தில் உடைந்தால் நீர் நில்லாது. உலக உடன்படிக்கையும் அத்தகையதே. ஒரு துறைமுகம் அயர்ந்தாலும், ஓர் அதிகாரி விலைபோனாலும், கரை உடையும்.

ஆயினும், கரையைக் காப்பது மட்டும் போதாது. வாங்குவார் உள்ளவரை விற்பாரும் இருப்பர். நெடுங்காலம் மாணவரிடையே வாழ்ந்தவன் என்ற முறையில் கூறுகிறேன்: இப்பழக்கம் பெரும்பாலும் பகைவனால் வருவதன்று, "ஒருமுறைதானே" என்னும் நண்பன் சொல்லால் வருவது. அச்சொல்லுக்கு மறுப்புரைக்க வெட்கப்படாதீர். முன்னமே வீழ்ந்த தோழனையும் வெறுத்து ஒதுக்காதீர். அவன் நோயாளி. சிற்றளவு வைத்திருந்த குற்றத்துக்கு உள்ளான அடிமை, தானே முன்வந்து சிகிச்சையை முடிப்பானாயின், வழக்கினின்று விலக்கு அளிக்கச் சட்டமே இடந்தருகிறது. இத்தகையோர்க்கு மருத்துவம் செய்யும் நிலையம் சென்னையில் 1980 முதலே உண்டு; டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளை அதனை நடத்துகிறது.

ஷாங்காயில் தொடங்கிய முயற்சி முடிவுறும் இடம் உங்கள் வகுப்பறையே. அங்குள்ள கரையைக் காக்கும் பொறுப்பு உங்களுடையது.