அறுந்த இணைப்பும் அறாத வேலையும்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதக் கடைசியில், இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அனல் மின்நிலையங்களுக்கு எரிபொருள் இல்லை, எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லை, நீர்த்தேக்கங்களும் வற்றியிருந்தன. கொழும்பு மாநகரின் மாளிகாவத்தை போன்ற தொடர்மாடிக் குடியிருப்புகளில், படிக்கும் பிள்ளைகள் மெழுகுவர்த்தியைத் தேடினர். கணினியைக் கொண்டு பிழைப்பு நடத்துவோரின் இன்னலோ வேறு வகையானது.

வீட்டிலிருந்தே கணினிப் பணி புரிவோரிற் பலர், உண்மையில் வேலை வாங்குவது தம் மேசைமேல் இருக்கும் கணினியிடம் அன்று. சிங்கப்பூரிலோ மும்பாயிலோ பெரிய நிலையமொன்றில் இரவுபகலாய் இயங்கும் மற்றொரு கணினிக்கு அவர்கள் கட்டளைகளை எழுத்தாலே தட்டி அனுப்புகிறார்கள். அக்கட்டளைகள் செல்லும் கறுப்புத் திரைக்கே முனையம், அதாவது டேர்மினல், என்று பெயர். ஒரு நிறுவனத்தின் கணக்குகள் முழுவதையும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் பெயர்க்கும் வேலை நான்கு மணி நேரம் பிடிக்கலாம். மூன்றாவது மணியில் மாளிகாவத்தையில் மின்சாரம் நின்றால், கைக்கணினி தன் மின்கலத்தால் விழித்திருக்கும்; இணையத்தைத் தரும் றூட்டர் அணைந்துவிடும். மீண்டும் மின்சாரம் வந்து பார்த்தால், தொலைவிலிருந்த வேலையும் பாதியில் நின்றிருக்கும்.

சிங்கப்பூரில் மின்சாரம் நிற்கவில்லையே, அங்குள்ள வேலை ஏன் நிற்கவேண்டும் என்று நேயர்கள் கேட்கலாம். விடை பழைய காலத்து வழக்கமொன்றில் இருக்கிறது. முற்காலத்தில் பெருங்கணினிகளோடு மக்கள் தொலைத்தட்டச்சுப் பொறி மூலமும் தொலைபேசிக் கம்பி மூலமும் பேசினர். தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டால், எதிர்முனையிலிருந்தவர் போய்விட்டார் என்று கணினி முடிவு செய்து, அவர் தொடங்கிய வேலைகளுக்கெல்லாம் ‘ஹேங்அப்’ என்னும் சமிக்ஞையை அனுப்பும். அதைப் பெற்ற வேலை, வேறு ஏற்பாடு இல்லையேல், அக்கணமே முடிந்துவிடும். தொலைபேசிக் கம்பி போய்விட்டது; அந்த வழக்கம் போகவில்லை. இணைப்பு அறுந்ததென்று உணர்ந்ததும் இன்றைய கணினியும் அதே சமிக்ஞையை அனுப்புகிறது.

இக்குறையைத் தீர்க்க எழுந்ததே முனையப் பல்லிணைப்பி எனத்தக்க செயலி. 1987ஆம் ஆண்டில் பேர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒலிவர் லாவுமன், கார்ஸ்டன் போர்மன் என்னும் இருவர் ‘ஸ்கிரீன்’ என்ற செயலியை ஆக்கினர். 2007இல் நிக்கலஸ் மேரியட் என்பவர் ‘டீமக்ஸ்’ என்பதைத் தொடங்கினார். இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை.

இவை செய்வது யாது? மாளிகாவத்தைப் புகையிரத முற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அங்கே பெட்டிகள் தண்டவாளங்களில் வரிசையாக நிற்கின்றன. இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போனாலும் பெட்டிகள் நின்ற இடத்திலேயே இருக்கும். பிறகு வேறோர் இயந்திரம் வந்தும் அவற்றைக் கொளுவிக்கொள்ளலாம். பல்லிணைப்பி தொலைக் கணினியிலேயே குடியிருந்து, வேலைகளுக்கெல்லாம் தானே முனையமாக நிற்கிறது. ஆகவே மனிதரின் இணைப்பு அறுந்தால், பாதிக்கப்படுவது அவருக்கும் பல்லிணைப்பிக்கும் இடையேயுள்ள கயிறு மட்டுமே. வேலைக்குச் சமிக்ஞை எட்டுவதில்லை. அது தன்பாட்டில் நடக்கிறது.

பழகுவதும் கடினமன்று. தொலைக் கணினியில் ‘டீமக்ஸ்’ என்று தட்டினால் ஓர் அமர்வு தொடங்கும். கண்ட்ரோல் விசையோடு ‘பி’யை அழுத்திவிட்டு, பின்னர் ‘டி’யை அழுத்தினால், வேலையை நிறுத்தாமலே அமர்விலிருந்து விலகலாம். மின்சாரம் தானாக விலக்கிவிட்டாலும் நட்டமில்லை. திரும்பி வந்து ‘டீமக்ஸ் அட்டாச்’ என்று தட்டினால், விட்ட இடம் விட்டபடியே திரையில் தோன்றும். மேசைக் கணினியில் தொடங்கியதை நண்பர் வீட்டுக் கணினியிலிருந்தும் தொடரலாம்.

பல்லிணைப்பி என்னும் பெயருக்கும் காரணமுண்டு. 1874ஆம் ஆண்டிலேயே பிரான்சின் எமில் போதோ ஒரே தந்திக் கம்பியைப் பல செய்திகள் முறைவைத்துப் பகிரும் வழிக்குக் காப்புரிமை பெற்றார். அவ்வாறே இங்கும் ஒரே இணைப்பினுள் பல சாளரங்கள் அமைகின்றன. ஒன்றில் கணக்குகள் பெயர்ந்துகொண்டிருக்கும். அருகிலுள்ளதிற் பிழைக்குறிப்புகள் ஓடும். மூன்றாவதிற் புதிய கட்டளை எழுதலாம். அன்றியும், உரிய அனுமதியிருந்தால் இருவர் ஒரே அமர்வில் சேரலாம். யாழ்ப்பாணத்திலிருக்கும் ஆசிரியர் தட்டுவதை மாளிகாவத்தையிலுள்ள மாணவர் அதே கணத்திற் காணலாம். மாணவர் தவறினால் ஆசிரியர் திருத்தலாம்.

நிற்க, இச்செயலியால் ஆகாதவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும். தொலைக் கணினியே நின்றுவிட்டால், அல்லது அதை யாரேனும் மறுபடி தொடக்கினால், அமர்வுகள் அழிந்துபோம். ஆதலால் நெடுநேர வேலையை இடையிடையே சேமித்து, விட்ட படியிலிருந்து தொடரும்படி அமைப்பதே முறை. வீட்டுக் கணினியிலேயே நடக்கும் வேலைக்கும் இதனாற் காவலில்லை. அதற்கு மின்கலமே துணை. மேலும், விலகிப்போன அமர்வு திறந்த அறையைப் போன்றது. வேலை முடிந்தபின் மூடாமல் விட்டால், நினைவகத்தை அடைத்துக்கொண்டிருப்பதோடு, கணக்கினுட் புகுந்த அந்நியர் எவருக்கும் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும்.

2022இன் நீண்ட மின்வெட்டுகள் மறுவருடம் ஓய்ந்தன. எனினும் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததாற் தீவு முழுவதுமே இருண்டது. இத்தகைய வேளையில், ஒப்புக்கொண்ட வேலையைக் குறித்த நாளில் முடித்துக் கொடுக்கவேண்டிய இளைஞருக்கு மின்பிறப்பாக்கி வாங்கும் வசதி இல்லாதிருக்கலாம். காசு கொடுக்காமற் கிடைக்கும் இச்செயலியைப் பழக ஒரு மாலைப்பொழுது போதும். அன்று முதல், வெளிச்சம் போனாலும் அவர் தொலைவில் தொடங்கிய வேலை நடந்துகொண்டிருக்கும்.