எல்லன் டெர்ரியின் கடிதங்கள்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகக் கவிதையையும் கதையையும் பேசிவரும் இந்த அரங்கில் கடிதத்தைப் பற்றிப் பேச இசைவு தந்தீர்கள், நன்றி. கடிதம் இலக்கியமாகுமா என்னும் பழைய வழக்கை நான் கிளறப் போவதில்லை. வேறொன்றைக் கேட்க விரும்புகிறேன். நடிப்பையே தொழிலாகக் கொண்ட ஒருவர், கடிதம் எழுத அமரும்போதும் நடிக்கிறாரா?

விக்டோரியா காலத்து ஆங்கில மேடையின் பெருநடிகை எல்லன் டெர்ரி. 1847-இல் நாடகக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர். 1856-இல், ஒன்பதாம் வயதில், ஷேக்ஸ்பியர் நாடகத்தில் சிறுவன் வேடமிட்டு மேடையேறினார். முறையான பள்ளிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. 1878 முதல் ஏறத்தாழக் கால் நூற்றாண்டு, லண்டன் லைசியம் அரங்கில் ஹென்றி இர்விங்குக்கு இணையாக நடித்தார். திருமணமின்றிக் கட்டடக் கலைஞர் காட்வினுடன் வாழ்ந்து இரு குழந்தைகளைப் பெற்றவர் என்பதை அறிந்தும், ஒழுக்கத்தைப் பெரிதாகப் பேசிய அச்சமூகம் அவரைக் கொண்டாடியது. அந்தப் புதிர் தனியே ஆராயத் தக்கது. இன்று அதற்கு நேரமில்லை.

1892-இல் டெர்ரி, தமக்கு அறிமுகமான இளம் பாடகி ஒருவருக்காகப் பரிந்து, ‘தி வேர்ல்டு’ இதழின் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஆசிரியர் அதைத் தம் இசை விமர்சகரிடம் கொடுத்தார். அந்த விமர்சகர்தான் பெர்னார்டு ஷா. பாடகியின் பாட்டைக் கேட்டுவிட்டு, அவரிடம் போதிய திறமை இல்லை என்று ஒளிவுமறைவின்றி எழுதிவிட்டார். அந்த விறைப்பு டெர்ரிக்குப் பிடிக்கவில்லை. பிற்பாடு அவரிடமே அதைச் சொல்லியும் இருக்கிறார். பரிந்துரைக் கடிதம் ஒன்றில் இப்படித் தொடங்கியதே பின்னர் ஆங்கிலத்தின் புகழ்பெற்ற கடிதத் தொகுதிகளுள் ஒன்றாயிற்று. 1895-க்கும் 1900-க்கும் இடையில் கடிதங்கள் மழையெனப் பொழிந்தன.

இருவர் வீடுகளுக்கும் இடையே நீண்ட தொலைவில்லை. ஆயினும் சந்திப்பதை இருவருமே தவிர்த்தனர். திரை விலகுமுன் லைசியம் திரையின் துளைவழியே, பார்வையாளரிடையே அமர்ந்திருந்த ஷாவை டெர்ரி எட்டிப் பார்த்ததுண்டு. உலகம் அவரைப் பார்க்கக் காசு கொடுத்து வந்தது. அவரோ ஒருவரைத் துளைவழியே பார்த்தார். இதைவிட நல்ல நாடகக் காட்சியை ஷாவும் எழுதவில்லை என்பேன்.

கடிதங்களில் எனக்கு மிகவும் உகந்தவை 1896-ஆம் ஆண்டுக்கு உரியவை. அவ்வாண்டு செப்டம்பரில் லைசியத்தில் ‘சிம்பெலின்’ அரங்கேறியது. டெர்ரிக்கு இமொஜென் வேடம். தலையற்ற உடல் ஒன்றின் அருகே இமொஜென் விழித்தெழும் காட்சி அந்நாடகத்தில் உண்டு. விழிப்பவள் முதலில் எதை உணர்கிறாள், எந்தக் கணத்தில் உண்மை அவளைத் தாக்குகிறது என்று சொல்லுக்குச் சொல் ஆராய்ந்து ஷா நெடுங்கடிதம் விடுத்தார். டெர்ரி சிலவற்றை ஏற்றார். சிலவற்றைத் தாமே முன்னரே எண்ணியிருந்ததாகத் தெரிவித்தார். நாற்பதாண்டு மேடை அனுபவம் அடக்கமாகப் பேசுவதை அங்கே கேட்கலாம். அரங்கேற்றம் முடிந்ததும் ஷா ‘சாட்டர்டே ரிவ்யூ’ இதழில் நாடகத்தைக் கிழித்தெறிந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும். டெர்ரியின் மேடைத் துணைவரான இர்விங்கை அச்சில் தாக்கிக்கொண்டே, டெர்ரிக்கு அன்புக் கடிதமும் எழுதிய மனிதர் அவர். இடையில் நின்று அல்லற்பட்டவர் டெர்ரிதான்.

இனி, நான் தொடக்கத்தில் கேட்ட வினாவுக்கு வருகிறேன். ஷாவின் கடிதங்கள் ஒளி வீசுகின்றன. ஆனால் அவை அரங்கை நோக்கிப் பேசுகின்றன. காதலன், குறும்பன், ஆசான் என ஒவ்வொரு பத்தியிலும் ஒரு வேடம். டெர்ரியின் கடிதங்களோ சிறியவை, அவசரமானவை, அடிக்கோடுகளும் இடைக்கோடுகளும் நிறைந்தவை. அவற்றில் வேடமில்லை. 1896-இல் சார்லட் என்னும் செல்வச் சீமாட்டியைப் பற்றி ஷா விளையாட்டாகவும் மெய்யாகவும் அறிவுரை கேட்டபோது, டெர்ரி அந்தப் பெண்ணின் பக்கம் நின்று மறுமொழி எழுதினார். எழுத்தாளர் நடிக்கிறார், நடிகை எழுதுகிறார். நம்மில் கவிதை எழுதுவோர் இதைச் சற்றுக் கூச்சத்துடனேயே கேட்க நேரும்.

டெர்ரிக்காகவே ஷா 1899-இல் ‘கேப்டன் பிராஸ்பவுண்டின் மனமாற்றம்’ நாடகத்தை எழுதினார். அந்த வேடம் தமக்குப் பொருந்தாதென்று டெர்ரி அப்போது ஒதுக்கினார். 1906-இல்தான் ஏற்று நடித்தார். 1900 டிசம்பரில் அந்நாடகம் பிறரால் மேடையேற்றப்பட்டபோது இருவரும் நேருக்கு நேர் சந்தித்தனர். அதன்பின் கடிதங்கள் அருகின.

டெர்ரி 1928-இல் மறைந்தார். ஷாவின் கடிதங்களை அவர் பாதுகாத்து வைத்திருந்தார். எழுதிய தாள் பெற்றவருக்குரியது, எழுதிய சொல் எழுதியவருக்குரியது என்பது ஆங்கிலச் சட்டம். ஆகவே ஷாவின் இசைவின்றி அவை அச்சேற இயலாது. தயங்கி இசைந்தார், நீண்ட முன்னுரையும் எழுதினார். நூல் 1931-இல் வெளிவந்தது. டெர்ரியின் மகன், மேடைக்கலை மேதை எட்வர்டு கோர்டன் கிரெய்க், சினந்தெழுந்து அதே ஆண்டில் தம் அன்னையைப் பற்றித் தனிநூல் ஒன்று எழுதினார். ஷா மீதான தாக்குதல் அதனுடன் இணைப்பாக வந்தது. உலகறிந்த நடிகையை நீங்கள் அச்சிட்டீர்கள், வீட்டிலிருந்த தாயை நீங்கள் அறியவில்லை என்பதே அவருடைய வழக்கின் சாரம். மகனின் வலியை நான் எள்ளவில்லை. ஆனால் வழக்கில் நான் அச்சின் பக்கம். மேடைக் கலைஞரின் கலை அன்றன்றைய இரவோடு அவிந்துவிடுகிறது. விமர்சகர்கள் எழுதிவைத்ததில் டெர்ரி என்ன செய்தார் என்பது உண்டு. செய்யும்போது என்ன எண்ணினார் என்பது இக்கடிதங்களிலும், 1908-இல் அவர் வெளியிட்ட தன்வரலாற்றிலும்தான் உண்டு. 1941-இல் வர்ஜீனியா உல்ஃப் அவரைப் பற்றிக் கட்டுரை வரைந்தபோது அவருக்கும் இந்த எழுத்துகளே துணைநின்றன.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்நூல் நூலகத்தில் கைக்கு எட்டினால் ஷாவின் முன்னுரையைத் தாண்டிவிடுங்கள். கடிதங்களை முதலில் படியுங்கள். குறிப்பாக டெர்ரியின் குறுங்கடிதங்களை. முன்னுரை காத்திருக்கும், அதுவும் நல்ல நடிப்புதான்.