அயல்நாட்டுச் சுவையும் நம் அடுக்களையும்

(ஆண்டு விழா மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)

அயல்நாட்டுப் பண்டங்களை நம் இல்லங்களில் சமைக்கலாமா என்பதுபற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். இதற்கு விடை நம் அடுக்களையிலேயே இருக்கிறது. மிளகாயும் உருளைக்கிழங்கும் தக்காளியும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கடல் கடந்து வந்தவை. சேலத்து ஜவ்வரிசிக்கு மூலமாகிய மரவள்ளிக்கிழங்கின் தாயகமும் தென்னமெரிக்காவே. அவற்றைக் கொண்டு குழம்பும் பாயசமும் செய்து, பாட்டியின் கைப்பக்குவம் என்று பெருமை கொள்கிறோம். அதில் தவறில்லை. வந்த பொருளை வீட்டார்க்கு ஏற்றவாறு ஆக்கிக்கொண்டோம். அதனால் அது நமதாயிற்று.

ஆகவே, சமைக்கலாமா என்பதன்று கேள்வி. யாருக்காகச் சமைக்கிறோம் என்பதே கேள்வி. இதை யான் ஒரு பிழையினால் கற்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் மகளின் பிறந்தநாளுக்குக் கடையிலிருந்து கேக் வாங்கி வந்தோம். அக்ரஹாரத்துக் குழந்தைகள் எல்லாரும் கூடி மகிழ்ந்தனர். என் மாமியார் மட்டும் கூடத்தின் ஓரத்தில் அமர்ந்து, "நீங்கள் சாப்பிடுங்கள் அம்மா, எனக்குப் பசியில்லை" என்றார். பசி இல்லாமலில்லை, அதில் முட்டை இருந்தது. வாங்கும்போது அவரை நினைக்க எனக்குத் தோன்றவில்லை. தம் பேத்தியின் விழாவில் அவர் அயலாராய் அமர்ந்திருந்த காட்சி என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் ஆல்ஃபிரட் பேர்டு என்னும் மருந்து வணிகர் வாழ்ந்தார். கஸ்டர்டு என்பது அந்நாட்டில் பாலும் முட்டையும் சேர்த்துச் செய்யும் இனிப்பு. அவருடைய மனைவிக்கோ முட்டை ஒவ்வாது. எனவே 1837-ஆம் ஆண்டில் முட்டையை நீக்கி, மக்காச்சோள மாவினால் பாலைக் கெட்டியாக்கும் பொடியை அவர் அமைத்தார். இன்று நம் கடைகளில் விற்கும் கஸ்டர்டு பொடிக்கு அதுவே முன்னோடி. மனையாளும் உடனிருந்து உண்ணவேண்டும் என்ற அன்பன்றோ அதன் பிறப்பிடம்!

செய்முறை எளிது. அரை லிட்டர் பாலில் கால் டம்ளர் ஆறிய பாலைத் தனியே எடுத்து, இரண்டு மேசைக்கரண்டி பொடியைக் கரைத்துக்கொள்ளுங்கள். சூடான பாலில் பொடியை நேரே இட்டால் மாவின் மேற்புறம் உடனே வெந்து உள்ளே கட்டி நின்றுவிடும். மீதிப் பாலை மூன்று மேசைக்கரண்டி சர்க்கரையுடன் கொதிக்கவைத்து, கரைசலை ஊற்றி, இளந்தீயில் கைவிடாது கிளறுங்கள். கரண்டியின் முதுகில் படியும் பக்குவத்தில் இறக்கி, நன்கு ஆறிய பின்னரே பழம் சேருங்கள். தேவராஜ மார்க்கெட்டில் நஞ்சன்கூடு ரசபாளெ வாழை கிடைத்தால் மிகச் சிறப்பு. அன்னாசியும் ஆரஞ்சும் வேண்டா; பால் திரிந்துவிடக்கூடும்.

மறு ஆண்டு பிறந்தநாளில் முதற்கிண்ணத்தை மாமியாரிடம் அளித்தேன். சுவைத்தவர், "ஏலக்காய் சற்றுச் சேர்த்திருக்கலாம்" என்றார். அன்று முதல் எங்கள் வீட்டுக் கஸ்டர்டில் ஏலக்காய் தவறுவதில்லை.

சகோதரிகளே! புதியன சமையுங்கள், பிள்ளைகளுடன் கூடிச் சமையுங்கள். ஆனால் அடுப்பை மூட்டுமுன், பந்தியில் அமரப்போகிறவர் யார் யார் என ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.