பத்திரிகை உரிமையும் படிப்போர் கடமையும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

கற்றோர் நிறைந்த இவ்வவையில் பேசுதற்கு எனக்குள்ள தகுதி மிகச் சிறிது. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வேயில் எழுத்தராகப் பணி செய்பவன் யான். எனினும், நாள்தோறும் காலையில் பத்திரிகை படிப்பவன் என்ற ஓர் உரிமை எனக்கும் உண்டு. அந்த உரிமையைப் பற்றியும், அதனோடு பிறந்த கடமையைப் பற்றியும் சில சொற்கள் கூற விழைகின்றேன்.

நாம் குடியேறி வாழும் இந்த மைசூர் நகரிலே, மக்களால் 'தாதய்யா' என்று அன்போடு அழைக்கப்பெற்ற பெரியார் ஒருவர் இருந்தார். அவர் பெயர் எம். வெங்கடகிருஷ்ணய்யா. 1844-இல் பிறந்து 1933-இல் மறைந்தவர். மரிமல்லப்பா பள்ளியின் தலைமை ஆசிரியராக விளங்கியவர். 'விருத்தாந்த சிந்தாமணி' என்ற கன்னட இதழையும், 'மைசூர் ஹெரால்டு' என்ற ஆங்கில இதழையும் நடத்தியவர். அரசாங்கத்தின் குறைகளை அஞ்சாது எடுத்துரைத்தவர்.

1908-ஆம் ஆண்டில் மைசூர் சமஸ்தானத்தில் பத்திரிகைச் சட்டம் ஒன்று பிறந்தது. அரசின் அனுமதி பெறாமல் எவரும் பத்திரிகை நடத்தலாகாது; கொடுத்த அனுமதியை அரசு வேண்டியபோது திரும்பப் பெற்றுக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். தாதய்யா என்ன செய்தார்? அனுமதிச் சீட்டுக்காகக் கைகட்டி நிற்கவில்லை. அச்சட்டத்தைக் கண்டிக்கும் வகையில் தம் இதழ்களை நிறுத்தினார். அவரைப் போன்றே வேறு சிலரும் நிறுத்தினர். பேசாதிருத்தலே சில வேளைகளில் உரத்த பேச்சாகிவிடுகின்றது அல்லவா?

அதே 1908-இல் நம் தமிழகத்திலும் இடி விழுந்தது. 'சுதேசமித்திரன்' நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயர் கைது செய்யப்பட்டார். 'இந்தியா' வார இதழின் ஆசிரியராகச் சட்டப்படி பதிவு பெற்றிருந்த சீனிவாசன் சிறை புகுந்தார். அவ்விதழின் உயிராய் இருந்த பாரதியார் புதுச்சேரி சென்று, அங்கிருந்து அதனை நடத்தினார். காவிரி தொடங்கும் நாட்டிலும் அது கடல் சேரும் நாட்டிலும், ஒரே ஆண்டில் ஒரே நெருக்கடி! இதனை இரு மொழியாரும் நினைவில் வைத்தல் நன்று.

அன்பர்களே, இனி யான் சொல்லப் போவது சிலர்க்குக் கசக்கலாம். மைசூரில் அச்சட்டம் வந்தபோது திவானாக இருந்தவர் வி. பி. மாதவராவ். அவர் பிறந்த ஊர் எது தெரியுமா? நம் கும்பகோணம்! சென்னை மாகாணத்திலிருந்து வந்தோரே உயர்ந்த பதவிகளில் அமர்கின்றனர் என்ற மனக்குறை அந்நாளில் இந்நாட்டு மக்களிடையே மிகுந்திருந்தது. 'மைசூர் மைசூரியர்க்கே' என்ற முழக்கமும் எழுந்தது. அம்முழக்கம் யாரைக் குறித்தது? நம்மைப் போல் தெற்கேயிருந்து வந்தவர்களைத்தான். அக்குறையைப் பேசிய பேனாக்களும் அச்சட்டத்தின் கீழ் அடங்க வேண்டியதாயிற்று.

அவ்வாறாயின் நாம் மகிழவேண்டுமா? இல்லை என்பதே என் துணிபு. நம்மைப் புகழ்ந்து எழுதும் பத்திரிகைக்கு உரிமை வேண்டும் என்று கேட்பது எளிது. அதற்கு நெஞ்சுரம் வேண்டுவதில்லை. நம்மைக் குறைகூறி எழுதும் பத்திரிகைக்கும் அவ்வுரிமை உண்டு என்று ஒப்புவதே மெய்யான சோதனை. அக்குறையில் நியாயம் இருந்தால் நாம் திருந்தலாம். இல்லையாயின் விடை எழுதலாம். வாயைக் கட்டிவிட்டால் குறை மறைவதில்லை. உள்ளே நின்று புரையோடுகின்றது.

நம் தாயகமும் இச்சோதனையில் எப்போதும் வென்றுவிடவில்லை. பம்பாயில் வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற இதழ் மாகாணத்துள் நுழையலாகாது என்று சென்னை அரசு தடை விதித்தது. ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் வழக்குத் தொடுக்க, 1950 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்தடையைச் செல்லாததாக்கியது. 1987-இல் 'ஆனந்த விகடன்' அட்டையில் வந்த ஒரு நகைச்சுவைத் துணுக்குக்காக, ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறை விதித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழவே, சில நாட்களில் அவர் விடுவிக்கப்பட்டார். சிரிப்பதற்கும் சிறையா என்று மக்கள் கேட்டார்கள். அக்கேள்விதான் கதவைத் திறந்தது.

நம் அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவில் 'பத்திரிகை' என்ற சொல்லே இல்லை. 'குடிமக்கள் அனைவர்க்கும் பேச்சுரிமை, கருத்துரிமை' என்றுதான் இருக்கின்றது. அதிலிருந்தே பத்திரிகை உரிமையை நீதிமன்றங்கள் எடுத்துக் காட்டின. ஆகவே அவ்வுரிமை பத்திரிகை முதலாளியின் தனிச்சொத்தன்று. ஆசிரியரின் பரம்பரைப் பட்டயமும் அன்று. படிக்கும் உங்களுடையது; என்னுடையது. நம்முடையதாயின் அதைக் காக்கும் பொறுப்பும் நம்முடையதே ஆகும்.

உரிமை என்னும் நாணயத்திற்கு உண்மை என்பது மறுபக்கம். இதனை யான் நூலில் படித்து அறிந்தேனில்லை. சிறுவயதில் கண்ணால் கண்டேன்.

காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி, 1991 டிசம்பரில் இம்மாநிலத்தில் கலகம் மூண்டது நீங்கள் அறிந்ததே. உயிரும் உடைமையும் அழிந்தன. அது மறுக்க முடியாத துயரம். அப்போது யான் பள்ளிச் சிறுவன். ஓர் இரவு, 'அடுத்த தெரு முழுவதும் பற்றி எரிகின்றது. விடிவதற்குள் இங்கும் வருவார்கள்' என்று ஒருவர் ஓடி வந்து சொன்னார். விளக்கை அணைத்துவிட்டு, அம்மாவின் மடியில் நாங்கள் மூவரும் ஒடுங்கிக் கிடந்தோம். விடிந்ததும் பக்கத்து வீட்டுக் கன்னட ஆசிரியர் வந்தார். ஓய்வு பெற்ற முதியவர். அவர் தாமே அடுத்த தெருவுக்கு நடந்து சென்று பார்த்து வந்திருந்தார். 'ஒன்றும் எரியவில்லை, குழந்தைகளுக்குப் பால் வாங்கிக் கொடுங்கள்' என்று தம் அரைகுறைத் தமிழில் என் தந்தையாரிடம் கூறினார்.

ஆனால் இரண்டு நாள் கழித்து வெளியூரிலிருந்து வந்த ஒரு தாளில், அத்தெரு சாம்பலாயிற்று என்று கொட்டை எழுத்தில் செய்தி! அதைப் படித்த ஊர் உறவினர் கதறிக்கொண்டு ஆள் அனுப்பினர். எங்கள் வரிசையில் இரண்டு குடும்பத்தார் பெட்டி படுக்கையோடு வண்டியேறினர், திரும்பி வரவேயில்லை. அவர்களுள் ஒருவன் என் விளையாட்டுத் தோழன். பிழைக்கு வருந்துவதாக அத்தாள் பின்னர் ஒரு மூலையில் இரண்டு வரி அச்சிட்டது. அந்த இரண்டு வரி என் தோழனைத் திரும்பக் கொண்டுவரவில்லை.

எரியாத தெருவை எரித்தது பொய். அச்சத்தை அணைத்தது ஒருவர் தம் காலால் நடந்து சென்று கண்ட உண்மை. அந்த முதியவர் எந்தப் பத்திரிகையிலும் எழுதியவரல்லர். எனினும் நல்ல செய்தியாளர்க்கு உரிய அறம் அவரிடம் இருந்தது. பிறர் மண்ணில் பிழைக்க வந்த நமக்கு, செய்தியில் உண்மை என்பது அறிஞர் விவாதிக்கும் பொருளன்று. கூரைக்குக் கீழே உறங்கும் பிள்ளையின் பாதுகாப்பு அது.

எங்கள் இரயில்வேயில் ஒரு முறை உண்டு. ஒற்றைப் பாதையில் வண்டியை விடுமுன், அடுத்த நிலைய அதிகாரியிடம் 'லைன் கிளியர்' கேட்பார்கள். தொலைபேசி வாயிலாக அதனைப் பெற நேர்ந்தால், 'பிரைவேட் நம்பர்' என்ற மறையெண் ஒன்றையும் பெற்றுப் பதிவேட்டில் எழுதிய பின்னரே வண்டி நகரும். 'பாதை காலியாகத்தான் இருக்கின்றதாம்' என்று பக்கத்தில் நிற்பவர் சொன்னதற்காக எவரும் பச்சைக் கொடி காட்டுவதில்லை. செய்திக்கும் அத்தகைய மறையெண் வேண்டாவா? இன்று கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஒரு பத்திரிகை நடத்துகின்றோம். கேட்ட மாத்திரத்தில் அனுப்பிவிடுகின்றோம். 'லைன் கிளியர்' கேட்பதேயில்லை.

பத்திரிகைகளின் நெறியைப் பேணுதற்கென்றே சில அமைப்புக்கள் நாட்டில் தோன்றின. 1963-இல் இந்தியப் பத்திரிகை நிறுவனம் அமைந்தது. இலாபம் கருதாது செய்தியாளர்க்குப் பயிற்சியளித்து வரும் அது, பிற்காலத்தில் சென்னைக்கு இடம் பெயர்ந்தது. 1966-இல் பத்திரிகைக் கவுன்சில் தோன்றியது. நெருக்கடி நிலைக் காலத்தில் அது கலைக்கப்பட்டது. பின்னர் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மீண்டும் உயிர் பெற்றது. அதற்குச் சிறையிடும் அதிகாரம் இல்லை, எச்சரிக்கலாம், கண்டிக்கலாம். பல் இல்லாத வாய் என்று சிலர் எள்ளுவர். எனினும், ஒரு சாதாரண வாசகனும் முதலில் ஆசிரியர்க்கு எழுதி, குறை தீராவிடில் கவுன்சிலுக்கு முறையிடலாம் என்ற வழி அங்கே திறந்திருக்கின்றது. நம்மில் எத்தனை பேர் அவ்வழியில் ஒரு முறையேனும் நடந்துள்ளோம்?

ஆகவே சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றேன். முதலாவது, நம் படிப்பகத்தில் தமிழ்த் தாளும் கன்னடத் தாளும் ஒரே மேசையில் அருகருகே இருக்கட்டும். காவிரிச் செய்தி வரும் நாளில் இரண்டையும் படித்த பிறகே கருத்துக் கூறுவோம். கன்னடம் படிக்கத் தெரியாத பெரியவர்க்கு நம் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். இரண்டாவது, பிழையான செய்தி கண்டால் தாளைக் கிழிப்பதும் கொளுத்துவதும் வேண்டா. பெயரும் முகவரியும் இட்டு ஆசிரியர்க்கு மறுப்பு எழுதுவோம். மூன்றாவது, எழுதியதற்காக ஒருவர் தாக்கப்பட்டால், அவர் நம்மை எதிர்த்து எழுதியவரே ஆயினும், அவர் பக்கம் நிற்போம். 2017 செப்டம்பரில் பெங்களூரில் தம் வீட்டு வாயிலிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட கௌரி லங்கேஷை நாம் மறக்கலாகாது. கருத்துக்குக் கருத்தே விடை, குண்டு விடையாகாது.

தாதய்யா தம் இதழை நிறுத்தி நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. அன்று அவர் காத்த உரிமையின் பயனை இன்று நாமும் நுகர்கின்றோம். அவர் நம்மவரல்லர் என்று எண்ணற்க. எவர் எழுதும் உண்மையும் நம்முடையதே. என் தெருவுக்காக இருளில் நடந்து சென்று பார்த்து வந்த அந்த முதியவரும் நம்மவரே.

 வாழ்க தமிழ்! வாழ்க கன்னடம்! வளர்க நம் சங்கம்!