பழைய இன்ஜினில் இறுகிய போல்ட்: ஒரு ராத்திரி பொறுப்போம்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



ஐப்பசி மழையில் கரண்ட் போய், ஜெனரேட்டரும் ஓடாமல், மாடியில் இருக்கும் பெரியவர்கள் பட்ட பாடு நமக்குத் தெரியும். காரணம், தண்ணீர் பம்பைப் பிளாக்கோடு பிடித்திருந்த ஒரே ஒரு ஸ்டட் முறிந்ததுதான். வெகுகாலம் ஆயில் இன்ஜின் பட்டறையில் இருந்தவன் என்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள்.

பழைய இன்ஜின் பிளாக் வார்ப்பிரும்பு. அழுத்தம் தாங்கும்; இழுவையும் அடியும் தாங்காது, விரிசல் விடும். அடிக்கடி போல்ட்டைக் கழற்றி மாட்டினால் அதன் மரை தேய்ந்துவிடும். அதனால்தான் ஸ்டட் வைக்கிறார்கள். ஒரு முனை பிளாக்கிலேயே இருக்கும். மறுமுனையில் நட்டை மட்டும் கழற்றுவோம். நட் போனால் வேறு நட் வாங்கலாம். பிளாக் மரை போனால் பெரிய வேலை.

நம் ஊரில் கடல் காற்று. உப்பு ஈரம் மரைக்குள் இறங்கித் துரு பிடிக்கும். துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். அதைப் பெரிய ஸ்பேனரில் பைப்பை மாட்டி இழுத்தால் ஸ்டட் முறியாமல் என்ன செய்யும்?

முறை இதுதான். பிரஷ் போட்டுத் துருவைத் தேய்த்து, துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் மெல்லத் தட்டி, முதலில் இறுக்கும் பக்கம் சற்றே அசைத்து, பிறகு கழற்றும் பக்கம் திருப்புங்கள். அசையாவிட்டால் சுற்றிலும் நிதானமாகச் சூடு காட்டலாம். சூட்டின்மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது. முறிந்துவிட்டால், மிச்சத்தின்மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்தால் அந்தச் சூட்டிலேயே பெரும்பாலும் இளகும். கடைசி வழி, நடுவில் நேராகத் துளை போட்டு, புது மரை வெட்டுவது.

இன்னொன்று, மரை அளவு. நம் பக்கம் ஓடிய பல ஆயில் இன்ஜின்கள் இங்கிலாந்தின் லிஸ்டர் மாடலைப் பார்த்து ராஜ்கோட்டில் செய்தவை. பழையவற்றில் 1841-இல் விட்வொர்த் வகுத்த அங்குல மரை இருக்கும். அரை அங்குல மரைக்கு அங்குலத்துக்கு 12 சுற்று; மரைக் கோணம் 55 டிகிரி. மெட்ரிக் மரைக்கு 60 டிகிரி. 12 மி.மீ. போல்ட் அதில் இரண்டு சுற்று போகும், பிறகு பிடிக்கும். அங்கே பலம் காட்டினால் மரை போச்சு.

கற்றுக்குட்டியாக இருந்தபோது நானே இந்தத் தப்பைச் செய்தேன். தஞ்சாவூர் பக்கம் ஒரு விவசாயி, குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும், இன்றைக்கே முடித்துக் கொடு என்றார். சம்மட்டியால் அடித்தேன், பிளாக் விரிசல் விட்டது. நாற்று காய்ந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். ஜெனரேட்டர் சர்வீஸை மழைக்கு முன், ஆவணியிலேயே வைப்போம். கழற்றி மாட்டும் ஒவ்வொரு மரையிலும், இறுகாமல் இருக்கப் பூசும் கிரீஸ் தடவச் சொல்வோம். மெக்கானிக் ஒரு நாள் கூடக் கேட்டால், கொடுப்போம்.