‘ஆகவே’ என்னும் ஒரு சொல்: ஜெர்மானிய மதுப்பாடல் ஒன்றின் வரலாறு



மதுப்பாடல் என்றதும் இலக்கிய அன்பர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. குவளை வறண்டதும் மறந்துபோகும் பாட்டில் கவிதைக்கு என்ன வேலை என்பது அவர்தம் வினா. அதற்கு விடை தரவல்ல பாட்டொன்று ஜெர்மனியின் பல்கலைக்கழக நகரங்களில் வளர்ந்தது. ‘கௌதேயாமுஸ் இகித்தூர்’ என்பது அதன் பெயர். பீர்க் குவளைகளை உயர்த்தியபடி ஜெர்மானிய மாணவர்கள் பாடிய பாட்டே எனினும் அதன் மொழி இலத்தீன். ‘ஆகவே மகிழ்ந்திருப்போம்’ என்பது பெயரின் பொருள்.

‘ஆகவே’ என்று ஒரு பாட்டுத் தொடங்கலாமா? அது முடிவுரைக்கும் சொல். காரணம் அதற்கு முன்பே கூறப்பட்டிருக்க வேண்டும். இப்பாட்டிலோ முடிவு முந்துகிறது, காரணம் பின்தொடர்கிறது. இளமையும் முதுமையும் கழிந்தபின் மனிதர் மண்ணுக்கே உரியவராவர் என்கிறது பாட்டு. முன்வாழ்ந்தோர் எங்கே என்று வினவுகிறது. வாழ்வின் குறுமையையும் சாவின் விரைவையும் சொன்ன பின்னரே கல்விக்கூடத்தையும் ஆசிரியரையும் மகளிரையும் நாட்டையும் வாழ்த்துகிறது. களிப்பின் பாட்டுக்கு நிலையாமையே அடித்தளமாக அமைந்திருக்கிறது.

இந்த அடித்தளம் மதுச்சாலையில் பிறந்ததன்று. உலக வாழ்வின் நிலையாமையை எண்ணி மனந்திரும்புமாறு அழைக்கும் 13-ஆம் நூற்றாண்டு இலத்தீன் சமயப் பாடல் ஒன்றில் இதை ஒத்த அடிகள் காணப்படுகின்றன. அனைத்தும் அழியும், ஆகவே பாவத்தை விட்டு விலகுக என்றது சமயப் பாடல். அனைத்தும் அழியும், ஆகவே மகிழ்க என்றனர் மாணவர்கள். காரணம் ஒன்றாயிருக்க, முடிவு மட்டும் திசைமாறியது.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யோஹான் கிறிஸ்டியான் குந்தர் என்னும் கவிஞர் இப்பாட்டின் கருத்தை ஜெர்மன் மொழியில் பாடினார். சிலேசியா நாட்டில் 1695-இல் பிறந்த அவர் 1723-இல், தம் 27-ஆம் அகவையில் மறைந்தார். இளமைக்குப்பின் முதுமை என்று பாட்டு கூறும் வரிசை அவருக்கு வாய்க்கவில்லை. பின்னர் 1781-இல், இறையியல் கற்ற கிறிஸ்டியான் வில்ஹெல்ம் கிண்ட்லேபன் ஹாலே நகரில் வெளியிட்ட மாணவர் பாடல் தொகுப்பில் இலத்தீன் பாட்டைத் திருத்தி அச்சேற்றினார். இன்று பாடப்பெறுவது பெரிதும் அவர் தந்த வடிவமே.

மாணவர் பாடலை அரசுகள் எளிதாக எண்ணவில்லை. 1819-இல் கார்ல்ஸ்பாட் ஆணைகள் மாணவர் சங்கங்களை ஒடுக்கின. கலைக்கப்பட்ட சங்கத்துக்காக யேனா மாணவர்கள் பாடிய பிரிவுப் பாடலும் பின்னாளில் மாணவர் பாடல் தொகுப்புகளில் இடம்பெற்றது. அத்தகைய தொகுப்புகளுள் புகழ்பெற்றது 1858-இல் லார் நகரில் வெளிவந்தது. அதன் அட்டையில் குமிழ் ஆணிகள் பதிக்கப்பட்டன. மேசையில் சிந்திய பீரில் நூல் நனையாமல் அவ்வாணிகள் அதைச் சற்றே உயர்த்தித் தாங்கின. மதுவின் நடுவிலும் ஏட்டைக் காக்க எண்ணிய இந்த ஏற்பாடு மதுப்பாடலின் இயல்பையே காட்டுகிறது.

1879-இல் சிலேசியாவின் தலைநகரான பிரெஸ்லௌவின் பல்கலைக்கழகம் இசைமேதை யோஹானஸ் பிராம்ஸுக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. அதற்கு நன்றியாக 1880-இல் அவர் ‘கல்விக்கழக விழாத் தொடக்கஇசை’யை இயற்றினார். முறையாகப் பல்கலைக்கழகம் புகாதவர் அவர். 1853-ஆம் ஆண்டுக் கோடையில் கோட்டிங்கன் நகரில் தங்கியிருந்தபோது மாணவர் வாழ்வை அருகிருந்து கண்டவர். பேரறிஞர் அவைக்கு அவர் அளித்த காணிக்கை மாணவர் பாடல்கள் நான்கின் கோவை. முதலில் ஒலிப்பது யேனா மாணவரின் பிரிவுப் பாடல்; இறுதியில் முழு இசைக்குழுவும் எழுந்து முழங்குவது கௌதேயாமுஸ். 1881 ஜனவரி 4 அன்று பிரெஸ்லௌவில் அவரே அதை முதன்முறையாக நடத்தினார்.

இப்பாட்டில் மகளிர்க்கு வாழ்த்து உண்டு. பாடிய மேசையில் நெடுங்காலம் அவர்க்கு இடமில்லை. பிரெஸ்லௌ அடங்கிய பிரஷ்யாவில் பெண்கள் முறையான மாணவியராகச் சேர 1908 வரை காத்திருக்க நேர்ந்தது. அதன்பின் சேர்ந்தவருள் ஒருவர் அந்நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்த ஈடித் ஷ்டைன். 1911 முதல் 1913 வரை அங்கே பயின்ற அவர், 1916-இல் பிரைபர்க்கில் மெய்யியல் முனைவரானார். பின்னர்க் கத்தோலிக்கத் துறவியானார். 1942-இல் அவுஷ்விட்ஸ் முகாமில் நாத்சிகள் அவரைக் கொன்றனர். முன்வாழ்ந்தோர் எங்கே என்னும் அடி அதன்பின் களியாட்டத்தின் நடுவே பாடும் வெறும் மரபுத்தொடராக நிற்க இயலாது.

1945-இல் முற்றுகையில் சிதைந்த பிரெஸ்லௌ போலந்து நாட்டின் விரோத்ஸ்லாவ் ஆயிற்று. ஜெர்மானிய மக்கள் வெளியேற்றப்பட்டனர். கிழக்கே லுவூவ் நகரை இழந்த போலந்துப் பேராசிரியர் பலர் வந்து பல்கலைக்கழகத்தை மீண்டும் நிறுவினர். நகரின் பெயரும் மக்களும் மொழியும் மாறின. எனினும் போலந்துப் பல்கலைக்கழகங்களில் கல்வியாண்டுத் தொடக்க விழாவின்போது பாடப்பெறுவது அதே கௌதேயாமுஸ். ஜெர்மானியர் வளர்த்த பாட்டு, அவர்களால் அழிவுற்ற நாட்டின் மாணவர் நாவிலும் நிலைத்துவிட்டது. எந்த நாட்டினர்க்கும் தாய்மொழியாகாத இலத்தீனில் அமைந்ததும் அதற்குத் துணையாயிற்று.

ஆயினும் மொழி மட்டும் ஒரு பாட்டைக் காத்துவிடாது. குடியை மட்டும் புகழ்ந்த பாடல்கள் பல, பாடிய தலைமுறையோடு ஓய்ந்தன. இப்பாட்டோ தன்னைப் பாடுவோரும் மறைவர் என்பதைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. எனவே ஒரு தலைமுறை மறைந்ததும் அடுத்த தலைமுறை அவ்விடத்தில் நின்று அதே வினாவைக் கேட்க முடிகிறது. மகிழ்ச்சியைப் பாட விழையும் கவிஞர் சாவை மறைக்கவேண்டியதில்லை. அதை நேர்நின்று கண்டபின்பும் ‘ஆகவே’ என்று சொல்ல முடியுமாயின், அந்த மகிழ்ச்சிக்கு உறுதி உண்டு.