கால் இழந்தபின் நடந்த தூரம்

(மகாவீர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நோயை வென்ற வரலாற்றைக் கூறுமாறு என்னைப் பணித்திருக்கின்றீர்கள். நோய் என்னை வருத்தியது ஏறத்தாழ ஓராண்டு. ஒற்றைக் காலுடன் வாழ்ந்து வருவதோ நாற்பத்தாறு ஆண்டுகள். ஆதலின் முன்னதைச் சுருக்கிப் பின்னதையே விரித்துரைக்க விரும்புகின்றேன்.

எனக்கு வந்தது ஆஸ்டியோசர்கோமா என்னும் எலும்புப் புற்று. எலும்பு விரைந்து வளரும் விடலைப் பருவத்திலேயே இது மிகுதியும் தோன்றும். பெரும்பாலும் முழங்காலை ஒட்டியே தொடங்கும். வலியையும் வீக்கத்தையும் சுளுக்கு என்றெண்ணி எண்ணெயிட்டு உருவுவது நம் ஊர்களில் இன்றும் உள்ள வழக்கம். வாரக்கணக்கில் தணியாமல் இரவில் மிகும் வலி பிள்ளைகளுக்கு இருந்தால், உருவுவதை நிறுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். இக்காலத்தில் மருந்துச் சிகிச்சையுடன், நோயுற்ற எலும்பை மட்டும் நீக்கி உலோக மூட்டுப் பொருத்திப் பலருடைய காலைக் காத்துவிடுகின்றனர். என் பதினேழாம் வயதில் எனக்கு அவ்வாய்ப்பு இல்லை. இடக்கால் தொடையின் நடுவே அகற்றப்பட்டது.

அதே காலத்தில் கனடா நாட்டில் டெரி ஃபாக்ஸ் என்னும் இளைஞர் இந்நோயால் 1977-இல் வலக்காலை இழந்தார். புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டுவதற்காக, 1980 ஏப்ரல் 12 அன்று அட்லாண்டிக் கடற்கரையிலிருந்து ஓடத் தொடங்கி, 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் கடந்தார். நோய் நுரையீரலுக்குப் பரவியமையால் ஓட்டம் நின்றது. 1981 ஜூனில், 22 வயதில், மறைந்தார். உலகம் அவ்வோட்டத்தைப் போற்றுகிறது. எனக்கு அதனினும் வியப்பளிப்பது, புண்பட்டுக் குருதி கசிந்த தொடையை அவர் ஒவ்வொரு விடியலிலும் செயற்கைக் காலுக்குள் மீண்டும் செருகிக்கொண்டமையே. அதன் பொருள் செருகிப் பார்த்தவர்க்கே விளங்கும்.

எஞ்சிய தொடை நாள் முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை. காலையில் இறுகப் பிடித்த சாக்கெட் மாலையில் தளரும். மேலும் ஓர் உறையை மாட்டவேண்டும். சித்திரை வெயிலில் வியர்வை உள்ளே தேங்கித் தோல் தேய்ந்து புண்ணாகும். புண் ஆறும்வரை ஊன்றுகோல்களே துணை. அவற்றுடன் வகுப்பில் நின்றால் கரும்பலகையில் எழுதக் கை ஒழியாது. மாணவியரே முறைவைத்து எழுதினர். அதனால் அவர்கள் கையெழுத்துத் திருந்தியது தனிக்கதை.

இல்லாத பாதத்தின் விரல்கள் நள்ளிரவில் மடங்கி வலிக்கும். “இல்லாத கால் எப்படியம்மா வலிக்கும்?” என்று என் தாயார் அழுதார். கால் போயினும், மூளை தன்னுள் தீட்டி வைத்துள்ள உடற்படத்தில் அது அழிவதில்லை. சென்னையில் மருத்துவம் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன் 1990-களில், ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் உறுப்பின் பிம்பத்தை இழந்த உறுப்பின் இடத்தில் காணச் செய்து, சிலருக்கு இவ்வலியைத் தணித்துக் காட்டினார். அச்செய்தியைப் படித்தபோது என் தாயார் உயிருடன் இல்லை.

மேலைநாட்டுச் செயற்கைப் பாதங்கள் காலணிக்கென்றே அமைந்தவை. வெறுங்காலுடன் ஆலயம் புகவும், ஈர நிலத்தில் நடக்கவும் அவை நமக்கு ஏற்றவையாக இல்லை. 1968-இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் இராமச்சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய ரப்பர்ப் பாதம் அக்குறையைப் போக்கியது. மகாவீரர் வீடுபேறடைந்த 2,500-ஆம் ஆண்டையொட்டி, 1975-இல் அவர் திருப்பெயரால் அந்நகரில் தோன்றிய பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதி, அக்காலை இலவசமாக வழங்கி வருகின்றது. அதில் விரல்களும் வடிக்கப்பட்டிருக்கும். அதனை அணிந்து வெறுங்காலுடன் நான் ஜினாலயத்துள் நுழைந்த அன்று, ஒருவரும் என் காலை நோக்கவில்லை.

எனினும் முழங்காலையும் இழந்தவர்க்குத் தரையில் அமர்வது எளிதன்று. கதிரவன் மறையுமுன் உண்ணும் பந்தியில் விரைந்து அமர்ந்து விரைந்து எழவேண்டும். என்னை எழுப்ப இருவர் வேண்டும். ஆகவே பல ஆண்டுகள் விழா நாட்களில் வீட்டிலேயே உண்டேன். “டீச்சர் யாருடனும் கலக்கமாட்டார்” என்று ஒரு பேச்சு இருந்ததை நான் அறிவேன். அவ்வாறு பெயர் வாங்கிய முதியோர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கின்றனர். மூட்டு தேய்ந்தவர்கள், பக்கவாதத்தில் பிழைத்தவர்கள். அவர்களைத் தடுப்பது மனமன்று, நம் மண்டபத்தின் வாயிற்படியே.

எனவே, என்னைப் பாராட்டிப் பொன்னாடை அணிவித்த அறங்காவலர்களிடம் ஒரு விண்ணப்பம். பந்தியில் இரண்டு மேசையும் சில நாற்காலியும் போடுங்கள். ஆலயத்துள் சுவரோரம் ஒரு விசிப்பலகை வையுங்கள். மண்டபப் படிகளுக்குக் கைப்பிடிக் கம்பி பொருத்துங்கள். அதனை இருபுறமும் பொருத்தவேண்டும்; ஏறும்போது வலக்கைக்குக் கிட்டிய கம்பி, இறங்கும்போது இடக்கைப் பக்கம் போய்விடும்.